பட்டியலும் ஊழும்

ஒரு விளையாட்டுப் பருவம் தொடங்கும் முன்பே அதன் முடிவைச் சொல்லிவிடும் வழக்கம், தொழில்முறை ஆட்டங்கள் உள்ள எல்லா நாடுகளிலும் இருக்கிறது. அமெரிக்காவில் பேஸ்பால் பருவம் பிறக்கும்போது 30 அணிகளும் எந்த வரிசையில் முடியும், மிகச் சிறந்த வீரர் விருது யாருக்குப் போகும் என்று விளையாட்டு எழுத்தாளர்கள் பட்டியல் போடுகிறார்கள். இந்தியாவில் அந்த இடத்தில் இருப்பது ஐபிஎல் கிரிக்கெட். மார்ச் மாதம் வந்துவிட்டால் பத்து அணிகளில் பிளே ஆஃப் சுற்றுக்குப் போகும் நான்கு எவை, கோப்பை யாருக்கு, அதிக ரன் எடுப்பவருக்கான ஆரஞ்சுத் தொப்பியும் அதிக விக்கெட் எடுப்பவருக்கான ஊதாத் தொப்பியும் யார் தலையில் ஏறும் என்ற பேச்சு டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் ஒரே மும்முரத்தோடு நடக்கிறது.

இந்தப் பேச்சுக்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிச் சொன்ன சொல், சொல்லும்போதே உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கிறதா? ஆம் என்றால் முடிவு ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. வீரர்கள் அதை நடித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். இல்லை என்றால் கணிப்பவர் எதைப் பற்றித்தான் பேசுகிறார்? நாளை கடற்போர் நடக்கும் என்ற வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அரிஸ்டாட்டில் இதே முடிச்சோடு போராடினார். தமிழில் இந்தக் கேள்விக்கு ஊழ் என்று பெயர். ஊழைப் பற்றிய பல விடைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று.

முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவதான திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் ஊரில் இரண்டு மொழிகளும் நகராமல் இருந்துவிட்டன. அதனால் இங்கே ஆண்டு இரண்டு முறை பிறக்கிறது: தெலுங்கு பேசும் வீடுகளில் யுகாதி, தமிழ் பேசும் வீடுகளில் சித்திரை முதல் நாள். இரண்டுக்கும் பொதுவான சடங்கு பஞ்சாங்கம் வாசிப்பது. யுகாதி எந்தக் கிழமையில் விழுகிறதோ அந்தக் கிழமைக்குரிய கிரகம் அந்த ஆண்டின் ராஜா. சூரியன் மேஷ ராசியில் நுழையும் கிழமைக்குரிய கிரகம் மந்திரி. பிறகு சேனாதிபதி, மேகாதிபதி, தானியாதிபதி என்று ஒன்பது பதவிகளும் நிரப்பப்படுகின்றன. அதோடு ஒவ்வொரு ராசிக்கும் ஆதாயம் எத்தனை, விரயம் எத்தனை என்று எண்ணிலேயே சொல்லப்படும். ஐபிஎல் பட்டியல்கள் வெளியாகும் அதே வாரங்களில்தான் இந்த வாசிப்பும் நடக்கிறது. இரண்டுமே ஒரு பருவத்தின் தலைமையையும் வரவு செலவையும் அது தொடங்கும்போதே அறிவிக்கின்றன.

பஞ்சாங்கத்துக்குள்ளேயே இரண்டு வகைக் கூற்றுகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். சந்திர கிரகணம் இன்ன நாளில் இன்ன நேரத்தில் பிடிக்கும் என்பது ஒன்று. இந்த ஆண்டு ராஜா இன்ன கிரகம், ஆகையால் மழை இப்படி, அரசு இப்படி என்பது இன்னொன்று. முதலாவதில் காரணங்கள் முழுவதும் கணக்குக்குள் அடங்கிவிடுகின்றன. குறுக்கே வர எதுவுமில்லை. சந்திரன் தன்னைப் பற்றிய கணிப்பைக் கேட்டுவிட்டு வழியை மாற்றிக்கொள்வதில்லை. மனிதன் மாற்றிக்கொள்வான். கடைசி இடம் என்று குறிக்கப்பட்ட அணி அதைப் படிக்கும்; முதலிடம் என்று குறிக்கப்பட்ட அணியை மற்ற ஒன்பதும் குறிவைத்துத் திட்டம் போடும். மனிதரைப் பற்றிய கணிப்பு, சொல்லப்பட்ட கணத்திலேயே தான் கணிக்கும் உலகத்துக்குள் ஒரு காரணமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கிரகணக் கணக்குக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

தமிழ் மரபில் முன்னறிந்து சொல்லும் தொழில் முருகனோடுதான் தொடங்குகிறது. சங்கப் பாடல்களில் தலைவி மெலிந்துபோனால் வேலனை அழைப்பார்கள். முருகனின் பூசாரியான அவன் கழங்குக் காய்களை உருட்டிக் காரணம் காண்பான். கட்டுவிச்சி என்ற பெண்ணோ முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிப் பார்ப்பாள். பெரும்பாலும் கிடைக்கும் விடை, முருகன் அணங்கினான் என்பது. ஆனால் அவள் மெலிந்தது காதலால். தோழிக்கு அது தெரியும், தலைவிக்கும் தெரியும், பாடலைக் கேட்பவருக்கும் தெரியும். கழங்கு காட்டும் விடைக்கும் உண்மைக் காரணத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை அந்தப் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடியது தற்செயலாக இருக்க முடியாது. காரணம் அருகிலேயே, பக்கத்தில் இருக்கும் ஒருத்தியின் அறிவிலேயே இருக்கும்போது, காய்களை உருட்டித் தொலைவில் தேடுகிறார்கள் என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

எல்லாம் முன்னமே தீர்ந்தது என்ற விடையை அதன் முழு உறுதியோடு சொன்னவர்கள் ஆசீவகர்கள். தமிழ்நாட்டில் இவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். மணிமேகலையும் நீலகேசியும் இவர்களோடு வாதிடுகின்றன. திருத்தணியை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியின் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆசீவகர் மீது விதித்த வரியைப் பற்றிய குறிப்பு வருகிறது. இவர்களுடைய ஆசான் மற்கலி கோசாலர். நியதி என்பது எறிந்த நூலுருண்டை போன்றது என்பார் அவர். உருண்டை தன் நூல் தீரும்வரை அவிழும், தீர்ந்ததும் நிற்கும். மூடனும் அறிஞனும் அதே நீளத்தைத்தான் கடந்தாக வேண்டும்.

கோசாலர் இந்த முடிவுக்கு வந்ததற்குச் சமண நூலான பகவதி சூத்திரம் ஒரு கதை சொல்கிறது. கணிப்பைப் பற்றி எழுந்த கதைகளில் இதற்கு இணையானது அரிது. அவரும் மகாவீரரும் நடந்து போகும் வழியில் ஒரு எள்ளுச் செடி நிற்கிறது. இது காய்க்குமா என்று கோசாலர் கேட்கிறார். காய்க்கும், இதன் ஏழு பூக்களின் உயிர்களும் ஒரே காயில் ஏழு எள்ளாகப் பிறக்கும் என்கிறார் மகாவீரர். அவர் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்று கோசாலர் செடியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார். சிறிது நேரத்தில் மழை பெய்கிறது. செடி விழுந்த இடத்திலேயே வேர் பிடித்துக் காய்க்கிறது. திரும்பி வரும்போது காயைப் பிரித்து எண்ணினால், ஏழு எள்.

கோசாலர் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், முயற்சியால் எதுவும் ஆகாது என்பது. மகாவீரர் அந்தப் பாடத்தை ஏற்கவில்லை. செடி பிழைத்தது நியதியால் அல்ல, மழையால். கணிப்பு பலித்ததாலேயே அது எழுதப்பட்ட விதியாகிவிடாது. இந்த இடத்தைத் தாண்டத் தெரியாதவர்கள் இன்றும் உண்டு. சென்ற ஆண்டு கோப்பையைச் சரியாகச் சொன்னவரை, எதிர்காலத்தைக் கண்டவர் போல இந்த ஆண்டும் நம்புகிறார்கள். பத்து அணிகளில் ஒன்றைச் சொல்லி அது வென்றுவிட்டால், நிரூபணமாவது பத்தில் ஒன்று நடந்தது என்பது மட்டுமே.

நியதிக் கொள்கைக்கு எதிராகச் சமணர் வைத்த இன்னொரு வாதம் அதைவிடக் கூர்மையானது. சத்தாலபுத்தன் என்ற குயவன் ஆசீவகன். அவன் காயவைத்த பானைகளைப் பார்த்து மகாவீரர் கேட்கிறார்: இவை முயற்சியால் ஆனவையா, முயற்சி இல்லாமலா? எல்லாம் நியதி, முயற்சி என்று ஒன்றில்லை என்கிறான் அவன். சரி, ஒருவன் வந்து இந்தப் பானைகளை உடைத்தால் என்ன செய்வாய்? பிடித்து அடிப்பேன் என்கிறான். நியதிப்படி உடைந்த பானைக்கு யாரை அடிப்பது என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. எல்லாம் விதி என்று சொல்பவன் கோபப்படும் கணத்தில் தன் கொள்கையைக் கைவிட்டுவிடுகிறான். கைக்கு வந்த கேட்சைத் தவறவிட்ட வீரனைத் திட்டும் ரசிகனும், நல்ல பந்துவீச்சுக்கு எழுந்து நின்று கைதட்டும் ரசிகனும் முயற்சி மெய்யானது என்பதை ஒப்புக்கொண்டவர்கள்தாம். விருது என்ற ஏற்பாடே அந்த ஒப்புதலின் மேல் நிற்கிறது. எழுதியதைப் படித்துக் காட்டியவனுக்கு யாரும் தொப்பி சூட்டுவதில்லை.

இறைவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் சமயங்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் வருகிறது. நியதியை மறுத்தாலும் இறைவனின் முற்றறிவை மறுக்க முடியாது. அவன் அறிந்தது மாறாது என்றால் முடிவும் மாறாதல்லவா? 6ஆம் நூற்றாண்டில் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த ரோமானிய அறிஞர் போயித்தியஸ் தந்த விடையைத் திருத்தணி மலையில் நின்றால் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். இந்த மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாட்களை அவை குறிப்பதாகச் சொல்வார்கள். டிசம்பர் 31 இரவு திருப்படித் திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடி பக்தர்கள் ஏறுகிறார்கள். ஏறுகிறவருக்கு நூறாம் படி முந்தியது, இருநூறாம் படி பிந்தியது. மேலே நின்று பார்ப்பவருக்கோ எல்லாப் படிகளும் ஒரே பார்வையில் இருக்கின்றன. அவர் பார்ப்பதால் யாருடைய காலும் தானாக எழுவதில்லை. இறைவன் அறிவது முன்னறிவு அன்று, பார்வை. காலம் முழுவதும் அவனுக்கு இப்போது. இந்த விடை முற்றறிவையும் முயற்சியையும் ஒருசேரக் காப்பாற்றுகிறது. ஆனால் படியில் நிற்கும் மனிதனுக்கு அது எந்தச் செய்தியையும் தருவதில்லை. உச்சியிலிருந்து தெரிவது உச்சியில் இருப்பவருக்கே தெரியும்.

திருத்தணிக்குச் சொந்தமான விடை வேறு. படைப்புத் தொழிலோடு மனிதர் தலையில் எழுதும் தொழிலும் பிரம்மனுடையது. அந்தப் பிரம்மனிடம் முருகன் பிரணவத்தின் பொருளைக் கேட்டான். பிரம்மனுக்குச் சொல்லத் தெரியவில்லை, சிறைப்பட்டான். தொழிலை மீண்டும் பெற அவன் வழிபட்ட தலம் இது என்கிறது தல மரபு. தலையெழுத்தை எழுதுபவனே ஒருமுறை எழுதுகோலை இழந்து நின்ற இடத்தில், எழுத்து கடைசிச் சொல்லாக இருக்க முடியாது. முருகன் திருவடி பட்டு பிரம்மனின் எழுத்து அழிந்துவிட்டது என்ற எண்ணத்தைக் கந்தர் அலங்காரத்தில் அருணகிரிநாதர் பாடினார். இங்கே விதி மறுக்கப்படவில்லை. அதற்கு மேலே முறையிட ஓர் இடம் காட்டப்படுகிறது. சைவ சித்தாந்தம் இதைக் கணக்காகவே சொல்லும்: சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது பயன் தருவது பிராரத்தம், இனிச் செய்து சேர்ப்பது ஆகாமியம். மூன்றாவது இன்னும் திறந்தே இருக்கிறது.

திருக்குறளில் ஊழ் என்ற 38ஆம் அதிகாரம், ஊழைவிட வலியது எது என்ற கேள்வியோடு முடிகிறது. ஆள்வினையுடைமை என்ற 62ஆம் அதிகாரமோ, தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காட்டச் செய்வர் என்று முடிகிறது. உரையாசிரியர்கள் இரண்டையும் பொருத்தப் பலவாறு முயன்றிருக்கிறார்கள். நின்று பார்க்கும் இடம் மாறுகிறது என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பவனுக்கு எல்லாம் ஊழாகத் தெரியும். நடக்கப் போவதை நோக்கி நிற்பவனுக்கு முயற்சி மட்டுமே கையில் இருக்கும்.

இந்த இரண்டு பார்வைகளையும் ஒரே உருவகத்தில் வைத்துக் காட்டியவர் திருத்தணிக்காரர். 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர். 1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரைகளில் கர்மத்தை விளக்க அவர் எடுத்துக்கொண்டது சீட்டாட்டம். கைக்கு வரும் சீட்டுகளை ஆடுபவர் தேர்ந்தெடுப்பதில்லை. அவை பழைய வினையின் வரவு. எந்தச் சீட்டை எப்போது இறக்குவது என்பது அவர் விருப்பம்; வெற்றி தோல்வி அதைப் பொறுத்தும் அமையும். கர்மம் என்றால் கைகட்டி நிற்பது என்று மிஷனரிகள் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த காலத்தில் சொன்ன விடை இது. தன் இளமைக் கல்வியிலேயே அந்தக் குற்றச்சாட்டைக் கேட்டு வருந்தியவர் அவர். ஒரு கிரிக்கெட் அணிக்கும் இது பொருந்தும்: ஏலத்தில் கிடைத்த வீரர்கள், வீட்டு மைதானத்தின் தன்மை, போட்டி அட்டவணை எல்லாம் கைக்கு வந்த சீட்டு, பதினாறாவது ஓவரை யாரிடம் கொடுப்பது என்பது ஆட்டம்.

ஆனால் உருவகத்தில் ஒன்று விடுபடுகிறது. சீட்டும் நல்லது, ஆடியதும் சரி; ஆனாலும் தோற்றுப்போவது உண்டு. சுவேதாசுவதர உபநிடதம் உலகுக்குக் காரணம் எது என்று விசாரிக்கும்போது காலம், இயல்பு, நியதி, யதிருச்சை என்று வரிசையாக எடுத்துப் பார்க்கிறது. யதிருச்சை என்பது தற்செயல். அந்த நூல் அதை முதற்காரணமாக ஏற்கவில்லை என்றாலும், நியதியிலிருந்து பிரித்துத் தனிப்பெயர் சொல்லி வைத்தது பெரிய காரியம்.

தற்செயலின் அளவை ஐபிஎல்லில் எண்ணியே பார்க்கலாம். சுற்று ஆட்டங்களில் ஓர் அணிக்கு 14 போட்டிகள். எல்லா அணிகளும் அச்சுக்கு அச்சு சம பலம் என்றும், ஒவ்வொரு போட்டியும் நாணயம் சுண்டுவது போன்றது என்றும் வைத்துக்கொண்டால், ஓர் அணி 8 அல்லது அதற்கு மேல் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 40. அதே அணி 5 அல்லது அதற்குக் கீழே நின்றுவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 21. முதலாவது பெரும்பாலும் பிளே ஆஃபுக்குப் போதும். இரண்டாவது ஊர் திரும்ப வைக்கும். இரண்டுக்கும் இடையில் திறமை வேறுபாடு துளியும் இல்லை. பேஸ்பாலில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அங்கே சமபல அணி ஒன்று நடுவான 81 வெற்றியிலிருந்து 7 ஆட்டமோ அதற்கு மேலோ விலகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. நீண்ட பருவம் தற்செயலை அரைத்துச் சமன் செய்துவிடுகிறது. 14 ஆட்டப் பருவத்துக்கு அந்த அவகாசம் இல்லை. பத்து அணிகளை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை அடித்துச் சொல்வது எத்தனை பெரிய உரிமைகோரல் என்பது இந்த எண்ணைப் பார்த்தால்தான் உறைக்கும்.

நடந்தவையும் அப்படித்தான். 2008இல் முதல் பருவத்தில், எல்லா அணிகளையும்விடக் குறைந்த விலைக்கு வாங்கப்பட்ட ராஜஸ்தான் கோப்பையை வென்றது. அதிக ரன் எடுத்தவர், அதுவரை ஆஸ்திரேலியாவுக்கு ஒரு சர்வதேசப் போட்டிகூட ஆடியிராத ஷான் மார்ஷ். 11 ஆட்டங்களில் 616 ரன். சென்னை 2021இல் வென்றது, 2022இல் ஒன்பதாம் இடம், 2023இல் மீண்டும் கோப்பை, 2025இல் முதன்முறையாகக் கடைசி இடம். 2024இல் பெங்களூரு முதல் எட்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் வென்றது; பிறகு ஆறும் தொடர்ந்து வென்றது. மே 18 அன்று அவர்களுக்கு எதிராகச் சென்னை அடுத்த சுற்றுக்குப் போகக் கடைசி ஓவரில் 17 ரன் தேவைப்பட்டது. முதல் பந்தைத் தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். இரண்டு அணிகளும் 14 புள்ளிகளில் முடிக்க, ரன் விகிதம் பெங்களூருவைத் தேர்ந்தெடுத்தது. எந்தப் பட்டியலாலும் மார்ச் மாதத்திலேயே அந்த இரண்டாவது பந்தைக் கண்டிருக்க முடியாது.

அப்படியானால் கணிப்பு வீண் பேச்சா? அல்ல. இதற்கு மிகச் சரியான விடையை 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மகீர்த்தி வைத்திருக்கிறார். அவர் தென்னாட்டவர் என்கிறது திபெத்திய மரபு. புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம், விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி அது. காரணத்திலிருந்து விளைவுக்குப் போக முடியாது. எல்லாக் காரணமும் கூடி நின்றாலும் இடையில் ஒரு தடை வந்து விழலாம். மேகம் கூடும், மழை பெய்யாமல் போகும். காரணங்களைப் பார்த்து அனுமானிக்கக் கூடியது, விளைவிக்கும் தகுதி இருக்கிறது என்பதை மட்டுமே. கணிப்பின் எல்லை முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது: தகுதி. பந்துவீச்சில் ஆழம் இருக்கிறது, நடுவரிசையில் ஓட்டை இருக்கிறது, ஆகையால் இந்த அணி மேலே முடியத் தகுதியுடையது என்று சொல்பவர் அறிவோடு பேசுகிறார். மேலே முடியும் என்று சொல்பவர் வேலனின் கழங்கைக் கையில் எடுத்துவிட்டார்.

தகுதியைப் பற்றிய கூற்றுக்கு அளவு உண்டு. வாய்ப்பு நூற்றுக்கு 60 என்று சொன்ன அணி தோற்றால் சொன்னவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். அவர் 60 என்று சொன்னவை எல்லாம் பல ஆண்டுகளில் நூற்றுக்கு அறுபது முறை நடந்திருக்கின்றனவா என்று ஏட்டைப் புரட்டித்தான் அவரைச் சோதிக்க வேண்டும். ஆகவே கணிப்பவரின் நேர்மை சொன்னதை அழிக்காமல் வைத்திருப்பதில் இருக்கிறது. பலித்ததை நினைவில் வைத்துப் பலிக்காததை மறக்கும் வழக்கம், ஜோதிடத்துக்கும் விளையாட்டுக் கணிப்புக்கும் பொதுவான நோய். தொப்பி, விருது பற்றிய கணிப்புகளில் தற்செயல் இன்னும் கூடுகிறது. ஒரு தனி மனிதனின் முழங்கால் வலியும் அணி எத்தனை ஆட்டம் நீடிக்கிறது என்பதும் அதில் சேர்ந்துகொள்கின்றன.

முடிவை உண்மையாகவே முன்கூட்டி அறிய ஒரு வழி இருக்கிறது: அதை ஏற்பாடு செய்துவிடுவது. 2013இல் வெளிவந்த ஸ்பாட் ஃபிக்சிங், சூதாட்ட விவகாரத்தின் தொடர்ச்சியாகச் சென்னை, ராஜஸ்தான் அணிகள் 2016, 2017 பருவங்களில் ஆட முடியாமல் போனது. தவறிப்போன ஆயிரம் கணிப்புகளை மக்கள் மன்னித்துவிடுகிறார்கள். விலைகொடுத்துப் பெற்ற ஒரு சரியான முன்னறிவை மன்னிப்பதில்லை. மைதானத்துக்கு வருபவர் கேட்பது முடிவு திறந்திருக்க வேண்டும் என்பது. கணிப்பின் சுவையே அந்தத் திறப்பில் இருக்கிறது. பணம் வைத்துக் கணிக்கும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் தடைசெய்தது. சூது என்ற 94ஆம் அதிகாரத்தை எழுதிய மரபுக்கு அதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை: வென்ற ஒன்றை நினைத்து நூறை இழப்பவனும் பலித்த கணிப்பை மட்டும் எண்ணி வைப்பவனும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

திருத்தணியில் எதிர்காலத்தோடு பேச இன்னொரு முறையும் வழக்கில் இருக்கிறது. அது நேர்த்திக்கடன். இன்னது நடந்தால் காவடி எடுக்கிறேன், முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொள்வது. இலக்கணப்படி இது ஒரு நிபந்தனை வாக்கியம். நடக்கும் என்று அது சொல்வதில்லை. நடந்தால் என்று சொல்கிறது, தான் செய்ய வேண்டியதையும் அதிலேயே சேர்த்துக்கொள்கிறது. பட்டியல் போடுபவர் விட்டுவிடும் அந்த நிபந்தனையை மொட்டையடித்துக்கொள்ளும் எளிய பக்தர் விடுவதில்லை. பரீட்சை, பிள்ளைப்பேறு, வழக்கு என்று எதற்காக வேண்டினாலும் அவர் படிப்பதையோ மருத்துவரிடம் போவதையோ நிறுத்துவதும் இல்லை. ஐபிஎல் முடிந்து சில வாரங்களில் வரும் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகள் மலையேறுகின்றன. அவற்றில் வேண்டியது நடந்ததற்காக வருபவையும் உண்டு, நடக்காவிட்டாலும் சொன்ன சொல்லுக்காக வருபவையும் உண்டு.